மார்கழிப் புகைமூட்டமும் மூக்கு ஒவ்வாமையும்: எதற்கு முதலில் செலவு செய்வது?

கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி பாதிவரை கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து மருந்துக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "விடிஞ்சா தும்மல் நிக்க மாட்டேங்குதுங்க, ஏதாவது குடுங்க." கடைக்காரர் ஒரு மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார். பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கடை. இதற்கிடையில் சொந்தக்காரர் ஒருவர் ஏர் பியூரிஃபையர் வாங்கச் சொல்வார், இன்னொருவர் ஆவி பிடிக்கச் சொல்வார், அலுவலகத்தில் மாஸ்க் போடச் சொல்வார்கள். இவை எல்லாமே ஏதோ ஓர் அளவுக்கு உதவக்கூடியவைதான். யாருக்கு எது, எந்த வரிசையில் என்று பார்க்காமல் வாங்குவதில்தான் காசும் மூச்சும் வீணாகின்றன.

எங்கள் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டுக்குள்ளும் வாசலிலும் எரிகிற புகையை நிறுத்துவது முதலாவது. தினசரி மூக்கு ஸ்பிரே இரண்டாவது. இருசக்கர வண்டியில் போகிறவருக்கு என்95 மாஸ்க் மூன்றாவது. மாத்திரை துணைக்கு. பியூரிஃபையர் கடைசி, அதுவும் படுக்கையறைக்கு மட்டும்.

இந்த மாதங்களில் மட்டும் ஏன் இப்படி என்பது தெரிந்தால் பாதி முடிவு எளிதாகிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று புகையை ஓரிடத்தில் தங்க விடாது. மார்கழி, தையில் காற்று ஓய்ந்துவிடுகிறது. இரவில் தரை குளிர்ந்து, தரையோரக் காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேல் சற்று வெதுவெதுப்பான காற்றடுக்கு, பாத்திரத்துக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. வண்டிப் புகை, செங்கல் சூளைப் புகை, குப்பை எரிக்கும் புகை, கரும்புச் சோகை எரிக்கும் புகை எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். வெயில் ஏறித் தரை சூடாக ஒன்பது, பத்து மணி ஆகும். ஆகவே நல்ல காற்று என்று நம்பி வெள்ளென எழுந்து கோவை ரேஸ்கோர்ஸில் நடப்பவர்கள்தான் அந்த நாளின் மோசமான காற்றை ஆழமாக இழுக்கிறார்கள். மூக்கு ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் இந்த மூன்று மாதம் நடையைச் சாயங்காலம் நான்கு மணிக்கு மாற்றிக்கொள்வது காசில்லாத மருந்து.

ஒவ்வாமையா, புகை எரிச்சலா?

இரண்டும் ஒரே நேரத்தில் வருவதால் குழப்பம். மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர்போல் ஒழுகல் என்றால் ஒவ்வாமை. தூசிப் பூச்சி, பார்த்தீனியம், சீமைக்கருவேல மகரந்தம், பூஞ்சை, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். அரிப்பே இல்லாமல் மூக்கு எரிச்சல், அடைப்பு, தொண்டைக் கரகரப்பு மட்டும் என்றால் அது பெரும்பாலும் புகை செய்த வேலை. ஒவ்வாமையின்போது உடம்பில் சுரக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்டிரிசின் வகை மாத்திரை இந்த இரண்டாவது நிலையில் அவ்வளவாகக் கேட்காது. "மாத்திரை போட்டும் கேக்கலீங்க" என்று வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான். இரண்டும் சேர்ந்திருப்பவரும் நிறைய உண்டு. டீசல் புகைத் துகள் மூக்கின் உட்தோலைப் புண்படுத்தி, ஒவ்வாமை எதிர்வினையையே கூட்டிவிடும். வழக்கமாக நாலு தும்மலோடு நிற்கிற மூக்கு, புகைமூட்ட நாளில் நாற்பது தும்முவது அதனால்தான்.

எந்த எண்ணைப் பார்ப்பது

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளைப் பொறுத்தவரை 24 மணி நேரச் சராசரி. காலை ஏழு மணி உச்சம் அதில் கரைந்துபோகும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உள்ள பிஎம் 2.5 (நுண்துகள்) அளவைத் தனியாகப் பாருங்கள். இன்னொரு குழப்பம், வெளிநாட்டுச் செயலிகள் அமெரிக்க அளவுகோலைக் காட்டும். ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் என்பது இந்தியக் கணக்கில் 100, அமெரிக்கக் கணக்கில் 150-க்கு மேல். காற்று ஒன்றுதான், எண்தான் வேறு. இந்திய அரசின் 24 மணி நேர வரம்பு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வைத்தது 15.

ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு எங்கள் கணக்கு இது: பிஎம் 2.5 அளவு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சன்னலைத் திறங்கள். 30-க்கும் 60-க்கும் நடுவில் வெளியே வண்டியில் போகும்போது மாஸ்க். 60-ஐத் தாண்டினால் சன்னலும் மூடட்டும். செயலி இல்லாதவர்களுக்கு எளிய வழி, காலையில் மூடி வைத்துப் பகல் பன்னிரண்டு முதல் நான்குவரை திறந்துவிடுவது. பொழுது சாய்ந்ததும் மறுபடி மூடிவிட வேண்டும்.

காசில்லாத வழி: எரிவதை நிறுத்துவது

பியூரிஃபையர் கேட்டு வருகிற வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கொசுவத்தி உண்டா என்பதுதான். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்து விடுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. அது எரிவது சன்னல் மூடிய படுக்கையறையில். மூக்குக்கு அதைவிடப் பெரிய கேடு வெளியே தேட வேண்டியதில்லை. கொசுவலைக்கு மாறுவதே மேல். மேட், லிக்விட் வகைகளில் புகை இல்லை, ஆனாலும் அந்த வாடையே சிலருக்குத் தும்மலைக் கிளப்பும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அப்படித்தான். விடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வாமை உள்ளவர் வீட்டில் இல்லாத நேரத்தில், பகலில், சன்னலைத் திறந்து வைத்துப் போட்டு, புகை போன பிறகு மூடலாம். பொழுது சாய்ந்து கதவையெல்லாம் அடைத்துக்கொண்டு போடும்போதுதான் இரவு முழுக்க அது அறையில் தங்கும்.

அடுத்தது வெந்நீர் அடுப்பு. கொல்லைப்புறத்தில் தென்னை மட்டை, பன்னாடை, சிரட்டை போட்டு விடியற்காலையில் எரிக்கிற வழக்கம் நம் பக்கத்துத் தோட்ட வீடுகளில் இன்னும் இருக்கிறது. காற்று அசையாத நேரம், ஈரப் பனியில் நனைந்த மட்டை, குளியலறைச் சாளரத்துக்கு நேர் கீழே அடுப்பு. மூன்றும் சேர்ந்தால் வீட்டுக்குள் புகை நிற்கும். நனையாமல் கூரைக்குக் கீழ் அடுக்கி நன்றாகக் காய்ந்த விறகு பாதிப் புகைகூட விடாது. அடுப்பைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, கூரைக்கு மேல் உயரும் குழாய் ஒன்று போட்டால் இன்னும் நல்லது. முடிந்தவர்கள் சோலார் ஹீட்டருக்கு மாறிவிடலாம்.

காப்புக்கட்டுக்கு (போகி நாளுக்கு) முந்தைய வாரத்தை ஒவ்வாமைக்காரர்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வருடம் முழுக்கப் பரணில் சேர்ந்த தூசி, பூஞ்சை, கரப்பான் எச்சம் எல்லாம் அந்த ஒட்டடை அடிப்பில் ஒரே நாளில் இறங்கும். வெளியிலோ பனிக்காலப் புகை. அடிக்கிறவர் என்95 போட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர் அந்த அறைக்கு இரண்டு மணி நேரமாவது வரக்கூடாது. உலர்ந்த விளக்குமாற்றுக்குப் பதில் ஈரத்துணி. வாசலையும் தண்ணீர் தெளித்த பிறகே கூட்டுங்கள். சன்னல் மூடியிருக்கிற காலை நேரத்தில் தாளிப்புப் புகை வெளியேற அடுப்படி எக்ஸாஸ்ட் ஓடட்டும், அடுப்படிக் கதவு மூடியிருக்கட்டும்.

மாத்திரையா, ஸ்பிரேயா?

மாத்திரையின் பலம் வேகம். ஒரு மணி நேரத்தில் அரிப்பும் தும்மலும் அடங்கும், விலையும் குறைவு. அதன் குறை, மூக்கடைப்பை அது பெரிதாகத் திறக்காது என்பதே. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரே நேர் எதிர். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது, முழுப் பலன் வர ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஆனால் அடைப்பு, ஒழுகல், தும்மல் மூன்றையும் அது கட்டுப்படுத்தும். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் தொல்லை உள்ளவருக்கும், தூக்கம் கெடுகிறவருக்கும் ஸ்பிரேதான் சரி. எப்போதாவது ஒரு நாள் தும்முகிறவருக்கு மாத்திரை போதும். வருடா வருடம் மார்கழியில் அவதிப்படுகிறவர் கார்த்திகை தொடக்கத்திலேயே ஸ்பிரேயை ஆரம்பித்தால் புகைமூட்டம் வரும்போது மூக்கு தயாராக இருக்கும்.

ஸ்டீராய்டு என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஒரு அழுத்தத்தில் 50 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கு ஒரு துவாரத்துக்கு இரண்டு அழுத்தம் வீதம் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம். அதிலும் இரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். குழந்தைகளுக்குப் பொதுவாக ஒரு துவாரத்துக்கு ஒரு அழுத்தம்தான், அதையும் மருத்துவர் சொல்லித் தொடங்க வேண்டும். கண் அழுத்தம் உள்ளவர்களும் கேட்டுவிட்டே தொடங்கட்டும்.

ஸ்பிரே வேலை செய்யவில்லை என்கிறவர்களில் பெரும்பாலோர் அடிக்கும் முறையில்தான் தவறுகிறார்கள். புதுப் பாட்டிலைக் குலுக்கி, மென்மையான பனிபோல் வரும்வரை காற்றில் ஐந்தாறு முறை அழுத்துங்கள். மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றுக் குனியுங்கள், அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். வலது துவாரத்துக்கு இடது கை, இடது துவாரத்துக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் காதை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அழுத்தும்போது பூ முகர்கிற அளவுக்கு மெல்ல இழுத்தால் போதும். வேகமாக உறிஞ்சினால் தொண்டையில் கசக்கும், மருந்தும் வீண். நடுச்சுவரில் தினமும் பட்டால் அங்கே காய்ந்து இரத்தம் கசியும். அப்படிக் கசிந்தால் இரண்டு நாள் நிறுத்தி, வாசலின் தடவி, கோணத்தைத் திருத்திக்கொண்டு தொடருங்கள். 120 அழுத்தம் உள்ள பாட்டில் தினம் நான்கு வீதம் 30 நாள் வரும். அதன் பிறகும் உள்ளே திரவம் தெரியும், ஆனால் அளவு சரியாக வராது.

மாத்திரைகளுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. செட்டிரிசின் 10 மி.கி., லெவோசெட்டிரிசின் 5 மி.கி. சிலருக்குத் தூக்கம் தரும், இரவில் போடலாம். பேருந்து, லாரி ஓட்டுகிறவர்களும் தறி, கட்டிங் மெஷினில் நிற்கிறவர்களும் ஃபெக்ஸோஃபெனடின் 120 அல்லது 180 மி.கி. கேட்டு வாங்குவது நல்லது. அதை வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், பழச்சாறு அதன் உறிஞ்சலைக் குறைத்துவிடும். பிலாஸ்டின் 20 மி.கி. என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு. குளோர்ஃபெனிரமின் சேர்ந்த பழைய சளி மாத்திரை வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டவே வேண்டாம். அதில் ஃபினைல்எஃப்ரின் கலந்திருந்தால் இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் ஆகாது.

மான்டெலுகாஸ்ட் சேர்ந்த கூட்டு மாத்திரை நம் ஊர்க் கடைகளில் சாதாரணத் தும்மலுக்கே கை நீட்டினால் கிடைக்கிறது. மனநிலை மாற்றம், கெட்ட கனவு, தற்கொலை எண்ணம் வரை போகக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்ட மருந்து அது. வேறு மருந்துக்கே அடங்குகிற மூக்கு ஒவ்வாமைக்கு அதை முதலில் எடுக்கக் காரணமே இல்லை, குழந்தைகளுக்குக் கட்டாயம் மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

மூக்கடைப்புச் சொட்டு மருந்து (சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின்) இரண்டே நிமிடத்தில் திறக்கும். அந்தச் சுகத்தில்தான் ஆபத்து. ஐந்து நாளைத் தாண்டினால் மருந்தின் வேகம் தணியும்போதெல்லாம் முன்பைவிட மோசமாக அடைக்கும், மறுபடி விட வேண்டியிருக்கும். மூன்று நாளோடு நிறுத்திவிடுங்கள். "ஒரு ஊசி போட்டா வருசம் முழுக்கத் தொல்லை இல்லை" என்று போடுகிற நீடித்த ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். தினசரி ஸ்பிரே ஒரு மாதம் முழுக்கக் கொடுப்பதைவிடப் பல மடங்கு ஸ்டீராய்டு அந்த ஒரே ஊசியில் உடம்பு முழுக்கப் பரவுகிறது.

உப்பு நீரா, ஆவியா?

எங்கள் ஓட்டு உப்பு நீருக்கு. வெளியே போய் வந்ததும் மூக்கைக் கழுவினால் ஒட்டிய துகளும் மகரந்தமும் வெளியே வந்துவிடும், அதன் பிறகு அடிக்கிற ஸ்பிரேயும் தோலில் நேராகப் படும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது சமமட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி. அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். தண்ணீர் கொதி வந்து ஐந்து நிமிடம் கொதித்து, உடம்புச் சூட்டுக்கு ஆறியதாக இருக்க வேண்டும். சிறுவாணித் தண்ணீரே ஆனாலும் குழாயிலிருந்து நேரே விடக்கூடாது. மூக்கு வழியாக மூளைக்குப் போகும் அமீபா கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் உயிர்களைக் குடித்திருக்கிறது. கலத்தையும் தினமும் கொதிநீரில் அலசிக் கவிழ்த்துக் காயவையுங்கள். மூக்கு முழுக்க அடைத்திருக்கும்போதும் காது வலிக்கும்போதும் செய்ய வேண்டாம். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட்டால் தலையணையில் ஒழுகாது.

ஆவி பிடித்தால் பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அவ்வளவே. நீலகிரித் தைலம், கற்பூர வாடை ஆஸ்துமாக்காரருக்கு இளைப்பைக் கிளப்பும். போர்வைக்குள் கொதிநீரோடு குழந்தையை உட்கார வைத்து வெந்துபோன கால்களை மருத்துவமனைகள் நிறையப் பார்க்கின்றன.

மாஸ்க்

களத்தில் வேலை செய்கிறவர் முகத்தில் கட்டுகிற துண்டு நிலக்கடலைத் தோல், மஞ்சள் தூள், தென்னை நார்த் தூசி போன்ற பெரிய துகளைத் தடுக்கும். புகையை அது தடுக்காது. துணி மாஸ்க்கும் அந்த ரகம்தான். மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க்கின் துணி நல்லது, ஆனால் கன்னத்தின் இருபக்கமும் வழி இருக்கிறது, காற்று அதன் வழியே போகும். என்95 மட்டுமே 0.3 மைக்ரான் துகளில் 95 சதவீதத்தைப் பிடிக்கும். நம் நாட்டு எஃப்எஃப்பி2 முத்திரை உள்ளதும் ஏறக்குறைய அதே தரம்.

காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் வகை நன்றாக ஒட்டும். ஹெல்மெட்டுக்கு முன்பே போட்டு மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்துங்கள். மூச்சு விட்டால் கண்ணாடி ஆவி படிந்தால் மேலே கசிகிறது என்று பொருள். தாடி இருந்தால் ஒட்டாது. அவிநாசி ரோட்டில் தினம் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவர் ஒரே மாஸ்க்கைக் காகித உறையில் வைத்து ஒன்றிரண்டு வாரம் ஓட்டலாம். பட்டை தளர்ந்தாலோ மூச்சு இழுக்கச் சிரமமானாலோ தூக்கிப் போடுங்கள். சோப்புப் போட்டுத் துவைக்காதீர்கள், இழைகளில் உள்ள மின்னேற்றம்தான் நுண்துகளை ஈர்க்கிறது, துவைத்தால் அது போய்விடும். புகையோடு வரும் வாயுக்களை எந்த என்95-ம் தடுக்காது.

பியூரிஃபையர்

எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய்வரை போட்டு வாங்குவதற்கு முன் கணக்கு ஒன்று போடுங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி, அதாவது 34 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை அந்தக் காற்று வடிகட்டப்பட வேண்டும் என்றால் 170 கனமீட்டர் திறன் வேண்டும். அட்டைப் பெட்டியில் சிஏடிஆர் (மணிக்குச் சுத்தமாக்கித் தரும் காற்றின் அளவு) என்று எழுதியிருப்பது முழு வேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் இரைச்சல் தாங்காமல் குறைந்த வேகத்தில் வைத்தால் அதில் பாதிகூட வராது. ஆகவே 250-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும். ஓசோன் விடுகிற கருவி நுரையீரலைப் புண்ணாக்கும், அயனி மட்டும் விடுவதும் வேண்டாம். ஓட்டு வீடு, கூரைக்கும் சுவருக்கும் இடையில் இடைவெளி உள்ள வீடு என்றால் வாங்கவே வேண்டாம், வெளிக்காற்று வந்துகொண்டே இருக்கும்.

திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கத்தில் பஞ்சுத் தூசி முன்வலையை இரண்டே வாரத்தில் அடைத்துவிடும். அதை உறிஞ்சியோ தட்டியோ சுத்தம் செய்யாவிட்டால் மோட்டார் இரைகிறதே தவிரக் காற்று வராது. ஹெப்பாவை ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. இதற்கு மாற்றல்ல. அறைக் காற்றையே சுழற்றும், அதன் வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும். கோடையில் சன்னலை மூடி வைக்க உதவுகிறது என்பது மட்டும் உண்மை.

வாடகை வீட்டில் குறைந்த வருமானத்தில் இருக்கிற பனியன் கம்பெனிக் குடும்பத்துக்கு எங்கள் யோசனை: கொசுவலை, ஸ்பிரே, உப்பு, மாஸ்க். பியூரிஃபையர் காசை மெத்தை, தலையணைக்கு ஜிப் வைத்த உறை போடவும் படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கவும் செலவிடலாம், தூசிப் பூச்சிக்கு அது நேர் மருந்து. நூற்பாலையில் வேலை செய்கிறவருக்கு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகினால் அதை ஒவ்வாமை என்று விட்டுவிடாதீர்கள். அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம், நுரையீரல் பரிசோதனை தேவை.

மூக்கைத் தாண்டி இளைப்போ இரவு இருமலோ இருந்தால் இந்த ஒப்பீடு போதாது. உடனடி நிவாரணம் தரும் நீல இன்ஹேலரை மட்டும் வைத்து ஆஸ்துமாவை ஓட்டுவதை உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019-லிருந்து ஏற்பதில்லை, அழற்சியை அடக்கும் இன்ஹேலரும் வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுக் கருவி 92-க்குக் கீழே காட்டினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஸ்பிரேயும் கழுவலும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அடங்காதவர்கள் தோல் குத்துப் பரிசோதனை செய்து, எதற்கு ஒவ்வாமை என்று கண்டுபிடித்து, மூன்று வருடம் நீளும் ஒவ்வாமைத் தடுப்பு ஊசி அல்லது நாக்கடி மருந்து பற்றி மருத்துவரிடம் பேசலாம். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே செட்டிரிசின் வகை மாத்திரைகளை நிறுத்த வேண்டும், மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை.